மாவுக்கடைச் சிங்கம்

நம்புறவங்க நம்பட்டும், நம்பாதவங்க ஒரு எட்டு முத்தாங்குளத்துக்குப் பஸ் ஏறி வந்து பாத்துக்கட்டும், எனக்கு அதுல ஒண்ணும் நட்டம் இல்ல. ஆனா மாவுக்கடை தங்கபுஷ்பம் பின்னாடி காவி நிறத்துல ஒரு சிங்கம் நடந்து வந்ததை முதமுதல்ல பாத்தவன் இந்த ஆவுடையப்பன்தான், ஏன்னா பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல என் சலூனும் அவ மாவுக்கடையும் ஒட்டுச்சுவரு, அவ கடையில கிரைண்டர் ஓடுனா என் கடையில கண்ணாடி ஆடும். அன்னைக்கு வெயில் ஏறுன நேரம், நாற்காலியில இருந்தவருக்குப் பாதி முகம் சவரம் முடிஞ்சிருந்தது, வெளிய எட்டிப் பாக்குறேன், தங்கபுஷ்பம் குடையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வாரா, அவ பின்னாலயே கன்னுக்குட்டி உசரத்துல ஒரு சிங்கம், அவ நின்னா நிக்கிறதும் நடந்தா நடக்கிறதுமா வருது. என்ன தாயி, எங்க போயிட்டு வாரேன்னு கேட்டேன். வேளார் தெருவுல அக்கி எழுதிட்டு வாரேன் அண்ணாச்சின்னா. சரின்னு மிச்சமிருந்த பாதி முகத்தைச் சவரம் பண்ணப் போயிட்டேன்.

அக்கின்னா என்னன்னு தெரியாத பட்டணத்து ஆளுகளுக்காகச் சொல்றேன். தோல்ல கொத்துக் கொத்தா கொப்புளம் கிளம்பி, அடுப்புத் தணல் பட்ட கணக்கா எரியும். டாக்டர் மாத்திரை கொடுப்பாங்க, அதையும் போடுவோம், அப்படியே வேளார் தெருவுக்கும் போயி, மண்பானை செய்றவங்க கையால காவியைக் குழைச்சு அந்த இடத்துல சிங்கம் எழுதிக்கிட்டும் வருவோம், நம்ம ஊர்ல எப்பவுமே ரெண்டு வண்டியிலயும் ஒரு கால் வச்சுக்கிறதுதானே. ஆனா அக்கிச் சிங்கத்துக்குக் கண்ணு மட்டும் வைக்கவே கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒரு கட்டு உண்டு. கண்ணு திறக்குறதெல்லாம் ஐயனார் கோவிலுக்குப் போற மண்குதிரைக்குத்தான். அன்னைக்குப் பாத்து ஐயனாருக்குக் கொடைத் திருவிழா நெருங்கிக்கிட்டு இருந்தது, வேளார் மருமக மாரிக்கொழுந்து விடிஞ்சதுல இருந்து வரிசையா நின்ன குதிரைகளுக்குக் கண்ணு வச்சுக்கிட்டே இருந்திருக்கா, நடுவுல தங்கபுஷ்பம் போய் இடுப்புக்குக் கீழ எழுதணும்னு குப்புறப் படுத்ததும், எழுதி முடிச்ச சூட்டோட அந்தக் கை சும்மா இருக்காம சிங்கத்துக்கும் ரெண்டு புள்ளி வச்சிருச்சு. சிங்கம் முழிச்சுப் பாத்து, உடம்பைச் சிலுப்பி, பாயில இறங்கி நின்னுதாம். கண்ணு வச்சுட்டேனே மதினின்னு மாரிக்கொழுந்து கையைப் பிசைஞ்சாளாம், பரவால்ல எரிச்சல் கொறைஞ்சிருக்குன்னு சொல்லிட்டு இவ சேலையைச் சரி பண்ணிக்கிட்டு கிளம்பி வந்துட்டா. அதுக்கு மேல எப்படி, ஏன்னு யாரும் நோண்டல.

ஊருக்குள்ள ஒரு சிங்கம் வந்தா ஊரு என்ன செய்யும், மொதல்ல பேரு வைக்கும். செவலைன்னு கூப்பிட்டோம். தெருநாய்க ஒரு நாள் பூரா குரைச்சுப் பாத்து, அது திரும்பிக்கூடப் பாக்கலைன்னதும் ரோசம் கெட்டுப் போய் அதுகூடவே நிழல்ல படுத்துக்கிட்டதுக. மினிபஸ் கண்டக்டருக்கு இதை ஆளுன்னு எடுக்குறதா லக்கேஜுன்னு எடுக்குறதான்னு பெரிய தலைவலி, கடைசியில டிரைவர் செல்லப்பெருமாள்தான் விடுப்பா, எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்துட்டுப் போகுதுன்னு தீர்ப்புச் சொன்னான். வாசல் கோலத்துல எல்லாம் காவித்தடம் பதிச்சுட்டுப் போகுதேன்னு பொம்பளைக தொடப்பத்தோட நின்னாக, பொறகு யாரோ ஒருத்தி அந்தத் தடத்தையே கோலத்துக்குக் காவிப்பட்டை ஆக்கிக்கிட்டா, மறுநாள் எங்க வாசலுக்கும் கொஞ்சம் நடத்திக் கூட்டிட்டு வான்னு தங்கபுஷ்பத்துக்கு ஆள் மேல ஆள் வந்துட்டாக. அக்கின்னு கேட்டதும் இளநீர் என்ன, வெள்ளரிப்பிஞ்சு என்ன, கருப்பட்டி என்ன, ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்து உடம்புச் சூடும்மா, கிரைண்டர் பக்கத்துலயே நிக்கியே, சூடு தலைக்கு ஏறாம என்ன செய்யும்னு உருகுனாக.

கொப்புளம் ஆறுனா சிங்கமும் போயிரும்னு நாங்க நெனச்சோம். போகல, சின்னதாச்சு. கன்னுக்குட்டி ஆட்டுக்குட்டி ஆச்சு, ஆட்டுக்குட்டி பூனைக்குட்டி ஆச்சு, கடைசியில வெத்தலைப் பெட்டிக்குள்ள அடங்குற அளவுக்குச் சுருங்கி அவ முந்தானை மடிப்புல ஏறிப் படுத்துத் தூங்கிருச்சு. அப்புறம் கல்யாண சீசன் வந்து மாவு ஆர்டர் குவிஞ்சு, அவ தூக்கம் கெட்டு, கண்ணுக்குக் கீழ கறுப்பு விழுந்தா, மறுபடியும் இறங்கிக் கன்னுக்குட்டி ஆயிரும். அவளும் வாடா வான்னு ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு வேலையைப் பாப்பா. வந்துட்டும் போயிட்டும் இருக்கே, இது என்ன அக்கின்னு ஒருத்தர் ரெண்டு பேர் கேக்க ஆரம்பிச்சாக, அவ குனிஞ்சு மாவை அள்ளுவா.

இப்ப செல்லப்பெருமாள் கதைக்கு வாரேன். நாப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத மினிபஸ் டிரைவர், வாய் திறந்து பேசுறதுக்கும் சேத்து கிளட்ச் மிதிக்கணும் அவனுக்கு. அவனை வளத்து ஆளாக்குனது அக்கா ராஜகனி. பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர், கல்யாணமே பண்ணிக்கிடல, அவ நடந்து வந்தா பள்ளிக்கூடப் பிள்ளைகளோட வாத்தியார்களும் சேந்து எந்திரிச்சு நிப்பாக. வீட்டுல அக்கா ஆட்டுன மாவு நெறைய இருக்க, இவன் தினமும் சாயங்காலம் தங்கபுஷ்பம் கடையில ஒரு பை மாவு வாங்குவான். ரெண்டு வீட்டு மாவையும் வச்சு இவன் என்னத்தைத்தான் செஞ்சானோ, குளத்து மீனுக்குப் போட்டானோ என்னவோ, ஆனா எதுக்கு வாங்குறான்னு எனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். தங்கபுஷ்பத்துக்கும் அவன் மேல ஆசைதான். லாரி ஓட்டுன புருஷன் செத்துப் பல வருஷமாச்சு, வயசு இன்னும் இருக்கு, தனியா உக்காந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப் போயிருந்தா. கட்டிக்கிடலாமான்னு அவன் கேட்ட அன்னைக்கு முகம் பூத்துப் போச்சு, மறுநிமிஷமே வாடியும் போச்சு, பொறகு சொல்றேன் பொறகு சொல்றேன்னு தள்ளிக்கிட்டே வந்தா.

ஏன்னா, சொல்ல வேண்டியது ஒண்ணு இருந்தது. அதைச் சொல்லாமக் கட்ட அவளுக்கு மனசில்ல, சொன்னா இவனும் போயிருவானோன்னு பயம். ஒரு நாள் துணிஞ்சுட்டா. அவன் மாவுப்பையை நீட்டிக்கிட்டு நிக்கிறப்ப, ஒட்டுச்சுவருக்கு இந்தப் பக்கம் என் காது இருக்குன்னு தெரிஞ்சவ, இருக்கிறதுலயே பெரிய கிரைண்டரைப் போட்டுவிட்டா. அது ஓடுனா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. அந்தச் சத்தத்துக்கு மேல, அவன் காதுல விழணும்னு, அவ தொண்டை கிழியக் கத்திச் சொல்ல ஆரம்பிச்சா. எங்க ஊர்க் கரண்டு இருக்கே, அதுக்கு வெக்கமும் கிடையாது மானமும் கிடையாது, சரியா அந்த நேரம் பாத்துப் போச்சு. கிரைண்டர் நின்னுது, எனக்குப் பக்கத்து டெய்லர் மிஷின் நின்னுது, டீக்கடைப் பாட்டு நின்னுது, பஸ் ஸ்டாண்டே வாயை மூடிக்கிட்ட மாதிரி ஆன அந்த அமைதிக்குள்ள தங்கபுஷ்பத்தோட குரல் மட்டும் ஓடிக்கிட்டு இருந்தது.

"இது சூட்டுல வந்தது இல்லங்க, ஹெர்பீஸ். கீழ வர்ற அக்கி. செத்துப்போன எம் புருஷன்கிட்ட இருந்து எனக்கு வந்தது, நான் சாகுற வரைக்கும் என்கூடவே இருக்கும். இனிமே சொல்லுங்க, என்னைக் கட்டுறீங்களா வேண்டாமா?"

கடைசி வார்த்தை முடிஞ்ச பொறகுதான் கரண்டு போனதே அவளுக்கு உறைச்சது. டீக்கடை பெஞ்சு பூரா திரும்பிப் பாக்குது. செல்லப்பெருமாள் கையில பையைப் பிடிச்சபடியே நிக்கிறான், அப்பப் பாத்து கண்டக்டர் விசில் அடிச்சுட்டான். வண்டி எடுக்கணும்னு மொணங்கிட்டு, வாங்குன மாவைப் பலகையிலயே வச்சுட்டுப் போயிட்டான். அவ அந்தப் பையை எடுத்து உள்ள வச்சுட்டு, கரண்டு வர்ற வரைக்கும் சும்மா நின்னா.

அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து ஊரு வேற ஊரு ஆயிருச்சு. கருப்பட்டி கொடுத்தவளே அதுவா, அந்த மாதிரி அக்கியான்னு மூக்குல விரலை வச்சா. புருஷன்கிட்ட இருந்து வந்துச்சுன்னு அவதானே சொல்றா, நாம போய் பாத்தோமான்னு இழுத்தா இன்னொருத்தி. கவுன்சிலர் அய்யாக்கண்ணு, நல்லது கெட்டது எதுக்கும் மைக் இல்லாமப் பேச மாட்டாரு, அன்னைக்கு மைக் இல்லாமலே பேசுனாரு. மாவுல பரவும், மாவுல இருந்து இட்லிக்கு வரும், இட்லியில இருந்து குடும்பத்துக்கு வரும்னாரு. மறுநாள் அவ கடை வாசல்ல ஈ, காக்கா இல்ல. செவலையை மட்டும் தெருவுல விட்டாக, ஏன்னா பிள்ளைக அதை விட மாட்டேன்னுட்டுதுக.

ஆனா முத்தாங்குளத்துல தங்கபுஷ்பம் கடை வந்த பொறகு ராஜகனியைத் தவிர வீட்டுல மாவு ஆட்டுன ஆளு யாரு இருக்கா? பரண்ல இருந்து இறக்குன கிரைண்டர்ல பல்லி குடித்தனம் பண்ணிக்கிட்டு இருந்தது. டவுன்ல இருந்து பாக்கெட் மாவு வரவழைச்சாக, அது பொங்கவும் இல்ல புளிக்கவும் இல்ல, இட்லி வெந்து வந்தா சுவத்துல எறிஞ்சா சுவரு பேந்துரும். ஆம்பளைக எல்லாம் காலையில என் கடைக்கு வந்து, சவரம் வேண்டாம் ஆவுடையப்பா, சும்மா உக்காந்துட்டுப் போறேன்னாக, வீட்டு இட்லிக்குப் பயந்து வந்தவங்கன்னு எனக்குத் தெரியாதா. ஒருத்தருக்குக்கூட அவ கடைக்குப் போக மானம் இடம் கொடுக்கல.

அவ ஒரு நாளும் கடையை மூடல. விடிஞ்சா குளிச்சு, கொஞ்சமா ஆட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, சிங்கம் இருக்கிறதுலயே பெருசா வளந்து வாசலை அடைச்சுப் படுத்திருக்கும். மாவு விக்காட்டியும் போகுது அண்ணாச்சின்னு ஒரு நாள் என்கிட்ட சொன்னா, ஒரு மனுசன்கிட்ட ஒளிக்காமச் சொன்னேன், வேண்டாம்னாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல, என்னமோ தீட்டைத் தாண்டுற மாதிரி தாண்டிப் போயிட்டாரேன்னு அழுதா. அவகிட்ட தைரியமா மாவு வாங்க வந்தது ஆஸ்பத்திரி டாக்டரம்மா நசீமா ஒருத்தங்கதான்.

வியாபாரம் இல்லாத கடையில சிங்கத்துக்கும் பொழுது போகாதுல்ல, செவலை ஒவ்வொரு இடமா ஏறி இறங்க ஆரம்பிச்சுது. மத்தியானம் ஆனா தவறாம ராஜகனி வீட்டு வாசல்ல போய்ப் படுத்துக்கிடும், அவ ஒரு வாளித் தண்ணியை எடுத்து ஊத்துவா, அது நனைஞ்சுக்கிட்டே படுத்திருக்கும். எசமானிக்காகத் தூது போகுது பாருன்னு எல்லாரும் உச்சுக் கொட்டுனோம். அப்படியே ஒரு நாள் என் சலூனுக்குள்ள நுழைஞ்சுது. நாற்காலியில கவுன்சிலர் அய்யாக்கண்ணு சாஞ்சிருக்காரு, மேல் உதட்டுல மீசை ஓரமா கொப்புளம் ஒண்ணு கனிஞ்சு நிக்குது, பாத்துப் போடு ஆவுடையப்பா, எலெக்சன் அலைச்சல்ல சூட்டுக் கொப்புளம்னாரு. செவலை நேரா போயி அவரு மடியில தலையை வச்சு, அந்தக் கொப்புளத்தைப் பாத்து வாலை ஆட்டுச்சு பாருங்க, அப்படி ஒரு பாசம், பல வருஷம் கழிச்சுச் சொந்தக்காரனைப் பாத்த மாதிரி.

மனுசன் நாற்காலியோட பின்னால சாஞ்சுட்டாரு. மாவு வாங்க வந்த நசீமா டாக்டரம்மாவை நான்தான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அவங்க வந்து உதட்டைப் பாத்தாங்க, சிங்கத்தைப் பாத்தாங்க, சிரிச்சுட்டாங்க. சின்னம்மைக் கிருமியில வர்ற அக்கி வேற, அது ஒரு பக்கம் இருக்கட்டும். உதட்டுல வர்றதும் கீழ வர்றதும் ஒரே வயித்துல பிறந்த அண்ணன் தம்பி, அண்ணன் வீட்டுக்குத் தம்பி போவான், தம்பி வீட்டுக்கு அண்ணன் வருவான், ஊர்ல பாதிப் பேருக்கு மேல ஏதாவது ஒருத்தன் உள்ள குடியிருக்கான், பல பேருக்குத் தெரியவே தெரியாதுன்னாங்க. மாவுல பரவாது, தோலும் தோலும் உரசுனாத்தான் பரவும்னாங்க. பாதிப் பேருக்கு இருக்கிறதை ஒருத்திக்கு மட்டும் அசிங்கம்னு சொன்னா எப்படிங்கன்னு கேட்டுட்டு, கவுன்சிலரைத் திரும்பிப் பாத்து, இந்தக் கொப்புளத்தோட ஓட்டுக் கேக்கப் போனா கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீங்க, அதுகளுக்கு ஆபத்துன்னு ரொம்பக் கண்டிப்பாச் சொல்லிட்டுப் போனாங்க. அவங்க படி இறங்குறதுக்குள்ள செவலை எழுந்து வந்து என் கால்மேல படுத்துக்கிட்டது. நான் கண்ணாடியில என் உதட்டைப் பாத்துக்கிட்டேன். சிலந்தி எச்சம் பட்ட கொப்புளம்னு வருஷம் பூரா மஞ்சள் தடவிக்கிட்டு இருந்த உதடுதானே.

ஊரு அதை ஒத்துக்கிட்ட அழகு இருக்கே. அய்யாக்கண்ணு நேரா வேளார் தெருவுக்குப் போனாரு. எனக்கும் ஒரு சிங்கம் எழுது, ஆனா எனக்கு வந்திருக்கிறது மேல் அக்கி, மரியாதைப்பட்ட அக்கி, பாத்தாலே வித்தியாசம் தெரியணும், கிரீடம் வச்சு எழுதுன்னாரு. மாரிக்கொழுந்தும் கன்னத்துல கிரீடமும் பிடரியுமா பிரமாதமா எழுதி, ரெண்டு புள்ளி வச்சா. சிங்கம் குதிச்சு இறங்கி உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்புச்சு, கிரீடம் தூசியாக் கொட்டிப் போச்சு, அச்சு அசல் செவலை மாதிரியே நின்னுது, நின்னதோட இல்லாம மாவுக்கடைக்கு ஓடிப் போய்ச் செவலைகூடக் கட்டிப் பிரண்டு விளையாட ஆரம்பிச்சிருச்சு. ரெண்டுல எது யாரோடதுன்னு அய்யாக்கண்ணுக்கே அடையாளம் தெரியல.

அதுக்கப்புறம் வேளார் தெருவுல கூட்டம்னா கூட்டம், கொடைக்குக்கூட அப்படிக் கூட்டம் பாத்ததில்ல. செவலை வந்து காலடியில படுத்து ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறதுக்கு முன்னாடி நாமளே ஒண்ணு வாங்கிக்கிட்டா கௌரவமா இருக்கும்னு நெனச்சவங்க பாதி, அடுத்த வீட்டுல இருக்கு நம்ம வீட்டுல இல்லையேன்னு வந்தவங்க பாதி. இதுல ஒரு விசேஷம், யாருக்கு மேல வந்தது யாருக்குக் கீழ வந்ததுன்னு சிங்கத்தைப் பாத்துச் சொல்ல முடியல, கேக்கவும் யாருக்கும் வாய் வரல. பஸ் ஸ்டாண்டுல, ரேஷன் கடை வரிசையில, மழை பேஞ்சா கூரைக்கு அடியிலன்னு எங்க பாத்தாலும் காவிச் சிங்கம், சிலது கன்னுக்குட்டி, சிலது பூனைக்குட்டி. என்ன மாப்ள, உன் சிங்கம் நேத்து பெருசா இருந்துச்சே, தூக்கம் கெட்டியோன்னு ஒருத்தனை ஒருத்தன் விசாரிச்சாக, மாத்திரை எங்க வாங்குறேன்னு கேட்டுக்கிட்டாக. ஒரு நாள் காலையில மாவுக்கடை வாசல்ல பழைய மாதிரி வரிசை நின்னுது, பாத்திரத்தை மட்டும் நீட்டுனாக. தங்கபுஷ்பமும் அள்ளி ஊத்துனா. ஆனா அய்யாக்கண்ணு வீட்டுப் பாத்திரத்துக்கு மட்டும் ஒரு கரண்டி குறைச்சுப் போட்டதை நான் பாத்தேன்.

கடைசியா செல்லப்பெருமாள் வந்தான். அவன் வண்டி எப்படியோ அப்படித்தான் அவனும், கிளம்ப நேரமாகும், கிளம்பிட்டா நிக்காது. கிரைண்டர் ஓடல, கரண்டும் இருந்தது, கடை நெறைய ஆளும் இருந்தது. அவன் அதையெல்லாம் பாக்கவே இல்ல.

"டாக்டர்கிட்ட போய் உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தேன்"னான். "கொப்புளம் இருக்கிற நாள்ல தள்ளி இருக்கணும், மத்த நாள்லயும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும், அதுக்கு மாத்திரை இருக்கு, உறை இருக்கு, பிள்ளை பெத்துக்கிடணும்னாலும் மொதல்லயே சொல்லிட்டாப் பாத்துக்கிடலாம்னாங்க. நான் பிரேக் பிடிக்காத வண்டியை மலையில இருந்து இறக்கினவன், எனக்கு இது பெருசாத் தெரியல. அன்னைக்குப் பேசாமப் போனேன் பாரு, அதுதான் பெருசாத் தெரியுது. கட்டிக்கிடுதேன், உனக்குச் சம்மதம்னா."

வரிசையில நின்ன பொம்பளைக அத்தனை பேரும் கண்ணைத் தொடைச்சாக. தங்கபுஷ்பம் தொடைக்கல. அக்கா என்ன சொல்றாகன்னு கேட்டா. அவன் தலையைக் குனிஞ்சான். ராஜகனி ஒரே சொல்லா முடியாதுன்னுட்டா, அந்தச் சிங்கம் என் வாசப்படி ஏறுனா நான் இறங்கிருவேன்னுட்டா. அக்கா இல்லாமலே கட்டிக்கிடலாம்னான் இவன். அதுக்குத்தான் தங்கபுஷ்பம் சொன்னா, முகூர்த்தத்தை வைங்க, எல்லாரையும் கூப்பிடுங்க, ஆனா மூணு முடிச்சுல முத முடிச்சு நீங்க போடுங்க, மத்த ரெண்டும் முறைப்படி உங்க அக்கா கையாலதான் விழணும், வரலைன்னா நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன்னு. பைத்தியமா உனக்கு, வந்த சீதேவியை விடுறியேன்னு நானே திட்டுனேன். அண்ணாச்சி, நாளைக்கு அந்த வீட்டு அடுப்படியில நான் ஒதுங்கி ஒதுங்கி நிக்கவா, எனக்கு இருக்கிறதைத் தெரிஞ்சே தொட்டுக் கட்டுற கையி ஒண்ணு வேணும், ஒளிஞ்சு வாழ்ந்தது போதும்னா.

பிள்ளையார் கோவில்ல கல்யாணம். ஊரு மொத்தமும் வந்துருச்சு, ஊரோட சிங்கம் மொத்தமும் வந்துருச்சு, பூசாரி மிரண்டு போயி எல்லாத்தையும் செருப்பு விடுற இடத்துல விட்டுட்டு வாங்கன்னு கெஞ்சுனாரு, அதுகளும் சொன்னபடி செருப்புகளுக்கு நடுவுல வரிசையாப் படுத்துக்கிட்டதுக. மாப்பிள்ளை தாலியைக் கையில வச்சுக்கிட்டு வாசலையே பாக்குறான். பொண்ணு நிமிந்து உக்காந்திருக்கா. பூசாரி நேரம் போகுது நேரம் போகுதுங்கறாரு. மேளக்காரர் மூச்சை இழுத்து வச்சுக்கிட்டு விடவும் முடியாம அடக்கவும் முடியாம முழிக்கிறாரு. முகூர்த்தம் முடியப் போகுதுன்னு நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்ட நேரத்துல ராஜகனி வந்தா.

நீலப் பட்டு கட்டியிருந்தா, மடிப்பு மடிப்பாப் பழைய கோடு விழுந்த பட்டு, என்னைக்கோ எடுத்து உடுத்தாமலே வச்சது. செவலை செருப்புக்கு நடுவுல இருந்து எந்திரிச்சுப் போயி அவ பாதத்துல தலையை வச்சுப் படுத்தது. அவ கையில தண்ணி வாளியும் இல்ல, காலை இழுக்கவும் இல்ல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி, பள்ளிக்கூடத்துல பேசுற குரல்ல பேசுனா.

"இது தினம் எங்க வாசல்ல வந்து கெடந்தது தூது சொல்றதுக்கு இல்ல. என்னைத் தேடித்தான் வந்தது."

இருவது வயசுல மாமன் மகனை நம்புனேன், அவன் கொடுத்துட்டுப் போனதுன்னா. காமிச்ச வைத்தியன் நடத்தை கெட்டவளுக்கு வர்ற சீக்குன்னான், அதோட வாயை மூடிக்கிட்டேன், வந்த சம்பந்தத்தை எல்லாம் நானே வேண்டாம்னேன், தம்பிக்காகத் தியாகம் பண்ணேன்னு நீங்க சொன்னீங்க, நானும் ஆமான்னு சொல்லிக்கிட்டேன்னா. செல்லப்பெருமாள் அக்கான்னு ஒரு எட்டு எடுத்து வச்சான், நீ நில்லுடான்னு கையைக் காட்டிட்டு, பொண்ணு முன்னால போய் நின்னா.

"உன்மேல எனக்கு ஒரே ஒரு கோவம்தான்"னா. "நீ முப்பது வருஷம் பிந்திக் கத்திட்ட."

தங்கபுஷ்பத்துக்கு அப்பத்தான் அழுகை வந்தது. அழுதுக்கிட்டே, கட்டுங்க மதினின்னு கழுத்தைக் குனிஞ்சு கொடுத்தா. மேளம் கொட்டுச்சு, செருப்புப் பக்கம் இருந்த சிங்கமெல்லாம் எந்திரிச்சு நின்னுதுக, செல்லப்பெருமாள் முத முடிச்சைப் போட்டான். ராஜகனி குனிஞ்சு கழுத்தை ரெண்டு கையாலயும் நல்லாத் தொட்டு, மஞ்சக் கயித்தை இழுத்து ரெண்டாவது முடிச்சைப் போட்டா, மூணாவதையும் போட்டா, போட்டுட்டு நிமிராம, மிச்சமிருந்த கயித்தை இழுத்து இன்னொரு முடிச்சும் போட்டா. ஆத்தா, மூணுதான் முறைன்னு பூசாரி மெதுவாச் சொன்னாரு.

"மூணு அவளுக்கு"ன்னா ராஜகனி. "இது எனக்கு."